மிஸி இருந்த விரதம்

நேற்றுக் காலில் முள் ஏறி மருந்து கட்டப் போனேன். போத்தலைத் திறந்ததும் ஸ்பிரிற் மணம் வந்தது. உடனே உங்கள் நினைவுதான், மிஸி. போன மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதை நாங்கள் பிந்தித்தான் அறிந்தோம்.

சின்ன வயதில் தம்பிக்குச் சிறுநீரக வருத்தம். முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல், நீங்கள் தாதியாக இருந்த ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தான். உப்பு ஒரு துளியும் கூடாது, கொடுத்தால் ஆபத்து என்றீர்கள். அம்மாவுக்கு அது கொடுமையாகப் பட்டது.

"மாட்டுக்கே தவிட்டுக்கை உப்புப் போடுறம், மிஸி."

"மாட்டுக்கு முகம் வீங்கேல்லையே, அம்மா."

அன்றிலிருந்து அம்மா உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முந்தானை முடிச்சில் உப்புக் கொண்டுவந்து கஞ்சிக்குள் போட்டா. தம்பி அடம்பிடிக்காமல் கோப்பையை வழித்துக் குடித்ததைக் கண்டே நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

ஏச்சு விழப்போகிறது என்று நான் கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பிக்குத் துணையாக நின்றவள் நான். யாரும் உரத்துக் கதைத்தாலே எனக்கு வியர்க்கும். நீங்களோ அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தீர்கள்.

"சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைச்சனீங்களோ?"

"ஓம். காவடி."

"அது பிறகு எடுக்கலாம். வீக்கம் வத்துமட்டும் பிள்ளை உப்பில்லா விரதம் எண்டு வையுங்கோ."

அம்மா உங்கள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தா. "அப்ப நீங்களும் இருப்பியளோ?"

நீங்கள் சிலுவையைத் தொட்டீர்கள். "இருக்கிறன்."

அதன்பிறகு வாட்டில் சட்டம் அம்மாவுடையது. மத்தியானம் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கறியை விரலால் தொட்டு நாக்கில் வைப்பா.

"பருப்புக்கை உப்புக் கிடக்கு."

"எங்கடை அம்மா பாவம் பாத்துப் போட்டிட்டா."

"பிள்ளையின்ரை உயிர் விளையாட்டில்லை எண்டு உங்கடை அம்மாட்டைச் சொல்லுங்கோ."

மற்ற மிஸிமார் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்கள். நீங்கள் மட்டும் தலையை ஆட்டி, அந்தப் பருப்பை ஒதுக்கி வைத்தீர்கள். முந்தானை முடிச்சு அதன்பிறகு வெறுமையாகவே இருந்தது.

மெல்ல மெல்ல வீக்கம் வற்றியது. தம்பி கண்ணைத் திறந்து, முதல் வேலையாகப் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நாக்கை நீட்டினான். கொஞ்சம் உப்புச் சேர்க்கலாம் என்று டொக்டர் சொன்ன மறுநாள், அம்மா கத்தரிக்காய்க் கறி வைத்துக்கொண்டு வந்தா.

"முதல் வாய் நீங்கள்தான், மிஸி."

நீங்கள் கண்ணை மூடி மென்றீர்கள். "உப்புக் காணாது, அம்மா. இன்னும் போடுங்கோ."

அம்மா சிரித்தா. சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

இப்போது ஊரில் எந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அம்மா பார்க்கப் போவா. தாயிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்கடை மிஸி சாப்பிட்டவவோ?" என்பதுதான். அந்தத் தாய் விளங்காமல் முழிப்பா. பக்கத்தில் நிற்கும் நான் அப்போது வாய் திறந்து, உங்கள் விரதக் கதையை முழுதாகச் சொல்லிவிடுவேன். வேறெதற்கும் எனக்கு அவ்வளவு வாய் வருவதில்லை, மிஸி.