நீ வளர்த்த கல்

மார்ச் 4

அன்புள்ள உலைக்காரிக்கு,

அக்கா வீட்டில் தூக்கம் வருகிறதா? உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். என்னை முறைத்துக்கொண்டேதான் வளர்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நல்ல சேதி. உன் உலையில் கடைசியாக வளர்ந்த காந்தப் படிகம், அரிசி மணி அளவுதானே, அதை என் பசையால் தகடுகளுக்கு நடுவே ஒட்டிக் குளிர்வித்தேன். உள்ளே எலக்ட்ரான்கள் வழக்கம்போல் பாதி நீளவாக்கிலும் பாதி குறுக்காகவும் வரிசை கட்டி நின்றன. தகடுகளால் கல்லை மெல்ல நெருக்கினேன். குறுக்கே நின்றவை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. காந்த வரிசையும் கூடவே திரும்பியது. எல்லாம் ஒரே பக்கம் திரும்ப இன்னும் நெருக்க வேண்டும். தாங்குமா? வளர்த்தவள் நீ, உனக்குத்தான் தெரியும்.

எப்போது வருகிறாய்?

உன் பசை

மார்ச் 15

அன்புள்ள பசைக்கு,

அக்கா நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்தாலே மாமா ரேடியோவை அணைத்துவிடுகிறார், பாவம்.

அந்தக் கல்லை அப்படியே நெருக்காதே. அது ஆறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வலி வந்தது. நீ என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். பார்க்க ஆளில்லாமல் உலை அணைந்து, சட்டென்று ஆறிவிட்டது. ஒரு ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். அதை வெட்டிவிட்டு ஒட்டு.

பக்கம் பக்கமாக எழுதுகிறாய். பாப்பா மூச்சில்லாமல் பிறந்தாளே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா மடியில் அழுதுவிடுகிறேன். ஆனால் உன்னோடு அழ வேண்டும் போலிருக்கிறது. ஒரு வரி எழுதேன்.

உன் உலைக்காரி

மார்ச் 24

அன்புள்ள உலைக்காரிக்கு,

முழுவதும் திரும்பிவிட்டது! குறுக்கே ஒன்றுகூட மிச்சமில்லை. பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லை வளர்த்த கைக்கு மோதிரம் போடணும்யா" என்றார். கட்டுரையில் உன் பெயர்தான் முதலில்.

வெட்டினால் ரொம்பச் சின்னதாகிவிடும் என்று அப்படியே ஒட்டிவிட்டேன். அளந்து முடித்து அழுத்தத்தைக் குறைக்கும்போது உடைந்துவிட்டது, நீ சொன்ன ஓரத்திலேயே. திட்டாதே.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. வந்ததும் பேசுவோம். உன் கண்ணில் பட வேண்டாமே என்று தொட்டிலையும் குட்டித் துணிகளையும் பக்கத்து வீட்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். அறை இப்போது காலியாக, சுத்தமாக இருக்கிறது. தைரியமாக வா.

உன் பசை

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

கல் உடைந்ததற்கு வருத்தமில்லை. ஆக வேண்டியது ஆகிவிட்டதே, அது போதும். பெயர் எந்த இடத்திலும் இருக்கட்டும்.

அந்தத் துணிகளில் மஞ்சள் சட்டை ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு அதைத்தான் போட்டு ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தேன். நீ வெளியே வராந்தாவில் நின்றிருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. துவைக்காமல்தான் மடித்து வைத்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நர்ஸிடம் திருப்பிக் கேட்காதே. இந்நேரம் ஏதாவது ஒரு குழந்தை போட்டிருக்கும்.

என் பெட்டிகளை எடுக்க ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் வருவார்கள். அவர்களிடம் எதுவும் கேட்டுச் சங்கடப்படுத்தாதே. வேளைக்குச் சாப்பிடு. உன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமிருந்தால் சண்டை போடவாவது வந்திருப்பேன்.