மூன்று மணிப் பனி

போஹின் பள்ளத்தாக்கு,
ஏப்ரல் 8.

அன்புள்ள மார்யெட்டா அக்காவுக்கு,

வணக்கம். நாம் இருவரும் பேசியது மொத்தம் நாலு வாக்கியம்கூட இருக்காது. அந்த உரிமையில் இவ்வளவு நீளமான கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

சென்ற வருடம் மார்ச்சில், எங்கள் மலையில் அந்தப் பத்திரிகைக்காரர்கள் பனிச்சறுக்குப் பலகைகளைச் சோதித்த மூன்று நாளும், மெழுகு பூசும் கொட்டகைக்கு வெளியே மடக்கு மேசை போட்டு மதிப்பெண் அட்டைகளை வாங்கி அடுக்கிய பெண் நான்தான். பெயர் யெரிகா. விரல் நுனி வெட்டிய பச்சைக் கையுறை போட்டிருந்தேன். இரண்டாம் நாள் நீங்கள் உங்கள் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, “உன்ன யாரும்மா இந்தக் காத்துல கொண்டுவந்து உக்கார வெச்சது?” என்று கேட்டீர்கள். நான் சிரித்ததோடு சரி. பதில் தெரியாமல் இல்லை, வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

கொட்டகை யாங்கோதான் உங்கள் முகவரியைக் கொடுத்தார். நார்வேயில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களாம். அங்கே இன்னும் நல்ல பனி இருக்கும். இங்கே கீழ்ச்சரிவு முழுக்கச் சேறாகிவிட்டது. மேலே மட்டும் காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கிறது, மதியத்துக்குள் கூழாகிவிடுகிறது. கம்பிவட வண்டியை இந்த மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். அம்மாவுக்கு விடுதிச் சலவைக் கூடத்தில் வேலை குறைந்திருக்கிறது. ஆனால் களைப்பு குறையவில்லை. வீட்டில் அனைவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. அப்பாவைத் தவிர அனைவரும் நலம்.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். லோய்ஸே. மலை ரோந்தில் முப்பத்தொரு வருடமாகச் சிவப்புச் சட்டை போடுகிறவர். நீங்கள் பந்தயத்தில் சறுக்கிய காலத்தில் உங்களுக்குப் பந்தயப் பாதையில் வளைவுக் கம்பு நட்டவர்களில் அவரும் ஒருவர். இன்றைக்கும் யாராவது நன்றாகத் திரும்பினால், “பரவால்ல, ஆனா மார்யெட்டாவுக்கு மாதிரி பாதத்துல கண்ணு இல்ல” என்பார். எங்கள் வீட்டில் உங்கள் பெயர் அடிபடுவது அப்படித்தான்.

இந்த வருடம் மார்ச் பதினான்காம் தேதி அவர் விழுந்துவிட்டார். கடைசி வண்டி மேலே போன பிறகு, மலையில் யாரும் தங்கிவிடவில்லை என்று பார்த்துக்கொண்டே ரோந்துக்காரர்கள் கடைசியாகச் சறுக்கி இறங்குவார்கள் அல்லவா, அந்த ஓட்டத்தில். மூன்றரை மணி. நாள் முழுக்க ஆயிரம் பேர் உழுதுபோட்ட பனி. வண்டிக் கம்பத்துக்குக் கீழே இருக்கிற அந்த இடத்தில் அவர் ஆயிரக்கணக்கான தடவை திரும்பியிருப்பார். அன்று திரும்ப முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போயிற்று. அவர் இழுக்கும் மீட்புச் சறுக்குவண்டியிலேயே அவரைக் கட்டி இறக்கினார்கள். வழி முழுக்க, “மெதுவாப் போடா, உள்ள இருக்கறது பழைய சரக்கு, ஒடஞ்சா கெடைக்காது” என்று இழுத்தவனைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாராம். வீட்டுக்கு வந்த பிறகு கிண்டல் நின்றுவிட்டது.

எலும்பு நன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். டிசம்பரில் தாராளமாகச் சறுக்கலாமாம். சிக்கல் எலும்பில் இல்லை. அப்பா தனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அடுப்போரத்துப் பெஞ்சில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார். “நான் சொன்னேன், காலு கேக்கல.” மலைப் பொறுப்பாளர் ஸ்லாவ்கோ நல்ல மனிதர்தான். அவர் ஒரு காகிதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரோந்திலிருந்து விலகி, கீழே சீட்டுக் கொடுக்கும் அறையில் உட்காரச் சம்மதம் என்று அதில் இருக்கிறது. ஏப்ரல் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அதை ரொட்டிக் கூடைக்கு அடியில் வைத்திருக்கிறார். நேற்று அம்மாவிடம், “கண்ணாடித் தொட்டியில மீனு சுத்துற மாதிரி சுத்த வேண்டியதுதான். புள்ளைங்க வந்து மூக்க ஒட்டிப் பாக்கும்” என்றார். அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்கினார்.

விழும்போது அவர் போட்டிருந்தது ஏழாம் எண் பலகை.

உங்களுக்கு நினைவிருக்கும். எந்தக் கம்பெனி என்று தெரியாமலிருக்க எல்லாவற்றையும் கறுப்பு நாடாவால் சுற்றி எண் ஒட்டியிருந்தார்கள். பத்து ஜோடி. எல்லாமே மலை முழுவதற்கும் ஒரே ஜோடி போதும் என்று விற்கப்படுகிறவை. எட்டுப் பேர் சறுக்கிப் பார்த்து, இறுகிய பனி, உருட்டிய சரிவு, மாவுப் பனி, பொருக்கு, கூழ்ப் பனி என்று ஐந்து கட்டங்களில் பத்துக்கு இவ்வளவு என்று போட வேண்டும். ஏழாம் எண்ணுக்குள் இரண்டு தகடு உலோகம், லேசில் வளைந்து கொடுக்காது. காலை ஒன்பது மணிக்கு அதன் மேல் நின்றால் தண்டவாளத்தில் போவது போல இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. இலையுதிர்காலத்தில் பத்திரிகை வந்தபோது அதுதான் முதலிடம்.

அந்தப் பட்டியலைப் போட்டவள் நான். பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். லுப்லியானாவில் நாலு வருடம் புள்ளியியல் படித்தேன். நான் படித்தது என்னவென்று அப்பாவுக்கு யாராலும் விளக்க முடிந்ததில்லை. யாராவது கேட்டால், “எண்ணுவா, ஆனா மாட்ட இல்ல” என்பார். அந்தப் பட்டியல்தான் என் படிப்பில் அவர் கையால் தொட்டுப் பார்க்க முடிந்த முதல் பொருள். பக்கத்தைக் கத்தரித்து ரோந்துக் குடிசையில் ஆணியடித்து மாட்டினார். பதினோரு வருடமாகப் போட்ட பழைய மெத்தென்ற பலகையை விறகுக் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டு ஏழாம் எண்ணை வாங்கினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஏனென்றால் நான் பார்த்தேன், அக்கா. முதல் நாளே பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குக் குடிசையில் யோட்டா சூப்பும் தொத்திறைச்சியும் சிவப்பு ஒயினும் வைத்தார்கள். அதற்குப் பிறகு உங்களைத் தவிர யாரும் வெளியே வரவில்லை. ஆனால் மூன்று மணிக்கு என்னிடம் வந்த அட்டைகளில் கூழ்ப் பனிக் கட்டமும் நிரம்பியிருந்தது. காலையில் எப்படி இருந்ததோ அதை வைத்து மதியம் எப்படி இருக்கும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்ட எண்கள். அட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது, பனி ஈரம் இல்லை. பத்திரிகை ஆசிரியர் கோராஸ்து உங்களைப் பார்த்துச் சொன்னதும் என் காதில் விழுந்தது. “மத்தியானத்துக்கு மேல சறுக்கறது ரெண்டே பேரு. ஒருத்தன் வழி தெரியாதவன், இன்னொருத்தி மார்யெட்டா.” எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். மூன்று நாளும் போனீர்கள், பத்து ஜோடியையும் ஒன்று விடாமல்.

உங்கள் அட்டைகள் மட்டும் நனைந்து, பென்சில் எழுத்து கலங்கியிருந்தன. ஏழாம் எண்ணுக்குக் கூழ்ப் பனியில் மற்ற ஏழு பேரும் எட்டு, ஒன்பது என்று போட்டிருக்க, நீங்கள் மூன்று போட்டிருந்தீர்கள். பின்பக்கத்தில் ஒரு வரி. “மூன்று மணிக்கு மேல் இது காலைத் திரும்ப விடாது, களைத்த கால் போடக் கூடாது.”

கோராஸ்து அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “இந்த ஒரு அட்ட மொத்தக் கணக்கையும் கீழ இழுக்குது. தனியா நிக்கற எண்ண எடுத்துடணும்னு உங்க காலேஜுல சொல்லித் தரலயா, கணக்குப் புள்ள?” என்று கேட்டார். சொல்லித் தந்தார்கள். எடுப்பதற்கு முன்னால் அது ஏன் தனியாக நிற்கிறது என்று போய்க் கேள் என்றும் சொல்லித் தந்தார்கள். நீங்கள் இருபதடி தள்ளி பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். எழுந்து வந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இது தெரியாதவள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்து, தலையாட்டிவிட்டு அட்டையை எடுத்துவிட்டேன். ஏழு பேர் ஊகித்ததையும் ஒருவர் சறுக்கிப் பார்த்ததையும் ஒரே கூடையில் போட்டு, சறுக்கிப் பார்த்ததைப் பொறுக்கி எறிந்தேன். அதுதான் நான் செய்த முதல் உத்தியோக வேலை.

விடுமுறைக்குச் சறுக்க வருகிறவர்கள் மூன்று மணிக்கு ஒயின் குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டம் சரியோ தப்போ பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு மேல், களைத்த காலோடு, உழுத பனியில் தினமும் இறங்கியே ஆக வேண்டியவர்கள் இந்த மலையில் ஆறு பேர்தான். அதில் ஒருவர் என் அப்பா. உங்கள் அட்டை அவருக்காகவே எழுதியது போல இருந்தது. அது என் நோட்டுக்குள் கிடந்தது.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் மாவுக்கட்டுக்கு மேல் கம்பளிக் காலுறை மாட்டிவிடும்போது, பலகை அந்தப் பனிக்கு ஏற்றதில்லையோ என்று இழுத்தேன். உடனே முகம் மாறிவிட்டது. எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியுமே. பலகையைக் குறை சொல்கிறவன் சறுக்குக்காரனே இல்லை என்று வளர்ந்தவர்கள். “நீ போட்ட பட்டியலு. மொத எடம்னு போட்டிருக்க. நம்ம புள்ள கணக்கு தப்பாது. அப்ப எது தப்பு? இதுதான்” என்று மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினார். இன்னொரு நாள் துணிந்து, என் கணக்கில்தான் பிழை என்றேன். சிரித்தார். “அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு படிப்பையே பலி குடுக்கறியாடி?” என்று என் தலையில் கை வைத்தார். நான் அந்தக் கைக்குக் கீழிருந்து நழுவி, விறகு எடுக்க வெளியே போய்விட்டேன்.

என் கணக்கு சரி என்று நம்புவதற்காக அவர் தன் காலைத் தப்பு என்கிறார். இதை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன். அட்டையின் கதையைச் சொல்லி, அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் அது இலையுதிர்கால இதழ். ரொட்டிக் கூடைக்கு அடியில் இருக்கிற காகிதம் அவ்வளவு நாள் காத்திருக்காது. வேலையை விடச் சொல்வார்களா என்று தெரியவில்லை. அதைப் பற்றி யோசிக்கத் தெம்பு இல்லை.

நீங்கள் ஏன் இந்த வருடம் சோதனைக்கு வரவில்லை என்று யாங்கோவிடம் கேட்டேன். “எழுதிக் குடுத்தத படிக்காத எடத்துக்கு எதுக்குப் போவணும்னு சொல்லிச்சு” என்றார். நான் படித்தேன், அக்கா. பின்பக்கத்தையும் படித்தேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த அட்டையை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு வருடம் என் நோட்டில் இருந்ததால் மூலை மடங்கியிருக்கிறது. எழுத்து உங்களுடையதுதான் என்று நீங்களே பாருங்கள்.

தயவுசெய்து அதை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். முப்பதாம் தேதிக்கு முன்னால் கிடைக்கும்படி, உங்கள் கையால் இரண்டு வரி சேர்த்து, அப்பா பெயருக்கு அனுப்புங்கள். நான் சொன்னால் ஆறுதல் என்பார். நீங்கள் சொன்னால் அந்தப் பனியில் இறங்கிப் பார்த்தவர் சொல்வது என்று எடுத்துக்கொள்வார். அவர் உடனே உங்களுக்குப் பதில் எழுதுவார், எனக்குத் தெரியும். இந்த அட்டை ஏன் பட்டியலில் இல்லை, யார் எடுத்தது என்று கேட்பார்.

என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கால்கள் நலமாக இருக்கட்டும்.

பணிவுடன்,
யெரிகா