ஒரு சாக்கில் மூன்று செடி

இன்று காலை கடையில் கீழாநெல்லிச் சாக்கின் தையலைப் பிரித்தேன். மழை விட்டதும் பறித்து, நிழலில் காயவைத்த சரக்கு. வைக்கோலும் கசப்பும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்ததும், கை தானாக மேசை இழுப்பறைக்குள் போய் உம்முடைய லென்ஸை எடுத்தது. நீர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கைப்பிடியில் நீர் சுற்றிய பிளாஸ்திரி இன்னும் பிரியவில்லை.

சட்டைப்பையில் நேற்று ஆஸ்பத்திரியில் தந்த ஸ்கேன் தாள் இருக்கிறது. அதை முதலில் உம்மிடம்தான் காட்டியிருப்பேன். முடியாததால் எழுதுகிறேன்.

நீர் முதலில் கடைக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாலு சாக்கிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாகக் கீழாநெல்லி கேட்டீர், தனித்தனிப் பொட்டலமாக. மருந்துக்கு வாங்குகிறவர் யாரும் அப்படிக் கேட்பதில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி என்று முடிவு கட்டி, காப்பி வரவழைத்தேன்.

"நான் ஆபீசர் இல்ல அண்ணாச்சி. காலேஜுல ஈரல் நோய்க்கு ஆராய்ச்சி பண்ணுதேன்" என்றீர். காப்பியை மட்டும் விடவில்லை.

பிறகு என் மேசையிலேயே பழைய பேப்பரை விரித்து, ஒரே சாக்கின் சரக்கை மூன்று குவியலாகப் பிரித்தீர். "சாக்குக்குள்ள மூணு செடி இருக்கு. நீங்க ஒரே பேரு சொல்லி விக்கியளே."

எனக்குச் சுருக்கென்றது. சந்தையில் தரையில் சாக்கு விரித்து சுக்கும் திப்பிலியும் விற்று, இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தவன் நான். "இருபது வருசமா இதுதான்வே கீழாநெல்லி. எனக்கே பாடம் நடத்துதீரா?" என்று கத்தினேன். நீர் லென்ஸை நீட்டினீர். ஒன்றின் விதையில் நீளவாட்டில் வரி. இன்னொன்றில் குறுக்குவாட்டில். மூன்றாவதில் புள்ளி புள்ளியாக. இருபது வருடம் விற்ற சரக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"லேப்ல ஒரு தடவை நல்லா வேலை செய்யுது. அடுத்த தடவை ஒண்ணுமே இல்ல. எங்க தப்புன்னு மண்டைய உடைச்சேன். தப்பு இங்கன இருக்கு" என்று சாக்கைத் தட்டினீர்.

மறுவாரம் இருவரும் சேரன்மகாதேவி வயல் வரப்புக்குப் போனோம். செடி பறிக்கிற அம்மாள் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இலைக்கு அடியில காய் தொங்குனா கீழாநெல்லிதானய்யா? இதப் படிக்கவா காலேஜு கட்டி வச்சிருக்காவ?" என்றாள். நீர் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தீர். திரும்பும் வழியில் உம்முடைய பேச்சில் அண்ணாச்சி போய் 'வே' வந்துவிட்டது. அன்றிலிருந்து உம்முடைய லேபுக்கு, விதையில் நீளவாட்டில் வரி உள்ள ஒரே செடியாகப் பொறுக்கித் தந்தது நான்.

ஆனால் ஒரு விஷயத்தில் உம்மிடம் பிடி கொடுக்கவில்லை. எனக்கு முப்பது வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தேன். கண் தெளிந்தது. அதற்குப் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "நானே சாட்சி" என்றுதான் விற்றேன். ரத்தம் பாரும், ரத்தம் பாரும் என்று நீர் நச்சரித்தீர்.

"காமாலை நோய் இல்ல வே, நோயோட அடையாளம். தண்ணியால வாறது பெரும்பாலும் தானாப் போயிரும். ரத்தத்தால வாறது சிலபேருக்குச் சத்தம் காட்டாம உள்ளயே குத்தவச்சு உக்காந்திருக்கும்" என்பீர். எனக்கென்ன கேடு, மூட்டை தூக்குகிறேனே என்பேன்.

ஒரு நாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் வந்தார். என் பழைய வாடிக்கையாளர். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. நீர் மூலையில் உட்கார்ந்திருந்தீர். "முன்ன உங்க மருந்துலதான் கண்ணு தெளிஞ்சுது அண்ணாச்சி. அதே மருந்து தாங்க" என்றார் அவர். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, நீரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டீர். திரும்பி வந்து பைய என் பக்கத்தில் உட்கார்ந்தீர்.

"கண்ணு தெளிஞ்சதும் அவரு நிறுத்திட்டாரு. நீரும் அங்கனதான நிறுத்துனீரு?"

மறுநாள் காலை நான் ரத்தம் கொடுத்தேன். ஹெபடைடிஸ் பி இருந்தது. ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உம்மிடம் சொன்ன முதல் வார்த்தை, "வெளிய தெரிஞ்சா கடைப் பேரு போயிரும்வே" என்பதுதான்.

"ஈரலே போயிட்டா பேர வச்சு என்ன செய்யப் போறீரு? தைலமா காய்ச்சப் போறீரு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் ரத்தம் பார்க்க வைத்து, இருவருக்கும் இல்லை என்றதும் தடுப்பூசி போட வைத்தீர். எனக்குத் தினம் ஒரு மாத்திரை. "இந்த மாத்திரையும் ஒரு காலத்துல எவனோ ஒருத்தன் லேப்ல மண்டைய உடைச்சதுதான்" என்றீர். அதே வருடம் உம்மை நெஞ்சுவலி கொண்டுபோனது. ஈரலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் தன் நெஞ்சைக் கவனிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நேற்று ஸ்கேன் எடுத்த டாக்டர், ஈரலின் இறுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது, தழும்பு இளகுகிறது என்றார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். சரக்கு வாங்குகிறவன் புத்தி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்தாள். வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதாம், கீழாநெல்லி வேண்டுமாம்.

"ரத்தம் பாத்தாச்சாம்மா?"

"அது எதுக்கு? நீங்களே இதக் குடிச்சுத்தான் பொழச்சியன்னு எங்க மாமா சொன்னாவ."

நான் சொன்ன பழைய சாட்சி இன்னும் ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறது பாரும். ஸ்கேன் தாளை எடுத்து விரித்து, கண் தெளிந்ததையும், உள்ளே நோய் இருந்ததையும், மாத்திரையையும் சொன்னேன். கடையில் நின்ற மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"அப்போ இந்தச் செடிக்குக் காமாலை கேக்காதா?"

"தெரியாதும்மா. அதத்தான் காலேஜுல பாத்துக்கிட்டிருக்காவ."

வாடிக்கையாளரிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு உம்மால்தான் வாய் வந்தது. அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "யாவாரி பேசுற பேச்சா இது?" என்று முணுமுணுத்துக்கொண்டு படி இறங்கினாள். நாலு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு அண்ணாச்சி?"

சொன்னேன். உம்முடைய ஆராய்ச்சியை இப்போது தொடர்கிற மாணவி திங்கட்கிழமை சரக்கு எடுக்க வருகிறாள். பேப்பரை விரித்திருக்கிறேன். நீளவாட்டில் வரி உள்ளதை மட்டும் பொறுக்கவேண்டும். லென்ஸ் என்னிடமே இருக்கட்டும்.