ஒன்றாம் வகுப்பில் மேல்படிப்பு

அன்புள்ள மனைவிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மருந்தை நிறுத்திவிடாதே.

இங்கே எனக்கு மேல்படிப்பு கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதே. நான் துடைக்கிற பள்ளிக்கூடத்தில், சோப்புத் தண்ணீர் என்று பாலிஷை ஊற்றித் தரையைத் துடைத்துவிட்டேன். கண்ணாடி தோற்றது போ! வாசலில் கால் வைத்த தலைமை ஆசிரியை, கரும்பலகை வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அடி ஒன்றுமில்லை. சூப்பர்வைசர்தான் குதித்தான்.

"டப்பாவுல இருக்கிறத படிக்கத் தெரியலைன்னா ஊருக்குக் கிளம்புய்யா. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்!"

ஒன்றாம் வகுப்பு டீச்சர் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். விடியுமுன் வேலையை முடித்துவிட்டு, முழங்கால் மோவாயில் இடிக்கிற நாற்காலியில் இந்த ஊர் எழுத்தைப் படித்தேன். கண் சொருகும். "டீச்சர், மாமா தூங்குறாரு!" என்று பக்கத்து வாண்டு காட்டிக்கொடுக்கும். இருந்தாலும் வகுப்பில் நான்தான் முதல். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் நீட்டிய டப்பாக்களையெல்லாம் படபடவென்று படித்தேன். ஒன்றிரண்டை மோந்து பார்த்துச் சொன்னது அவனுக்குத் தெரியாது. வேலை தப்பிப் பிழைத்தது.

அன்று மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போனார்கள். அசதியில் நான் எழுந்திருக்கவில்லை. அந்த வாண்டு திரும்பி ஓடிவந்தது.

"உன்னைக் கூப்பிட யாரும் வரலையா?"

"வருவாங்க. கொஞ்சம் தூரத்துலேருந்து வரணும்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. நீ கட்டின புடவை ஏதாவது ஒன்றில் சுற்றி அனுப்பு. உடையாமல் வரத்தான், வேறொன்றுமில்லை.

சூப்பர்வைசர் கத்துகிறான், ஓடுகிறேன்.

உன் மாமா