கோட்டைத் தாண்டாத சிவப்பு

அன்று அந்த வார்டில் இருந்தவர்களின் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன், சம்பந்தி. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. என் மகள் கலா. உங்கள் மகன் சேகர். பக்கத்து வீட்டு நஸீமா. என் தம்பி வேலாயுதம். அந்தக் கன்னட டாக்டரம்மா. நான். நீங்கள். கட்டிலில் நம் பேத்தி பவித்ரா, அப்போது அவளுக்கு ஏழு வயது.

இன்று காலை அவளுக்கு மூக்குக் குத்தினோம். அவளுக்கென்று நீங்கள் விட்டுப்போன ஒற்றைக்கல் மூக்குத்திதான். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வண்டியில் போய்வருகிற பெண், "அப்பாயி மூக்குத்தி போட்டுக்கிட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். நகை வேலை செய்யும் பத்தரை ஸ்ரீராம்புரம் வீட்டுக்கே வரவழைத்தோம். ஊசி இறங்கியதும் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். நான் ரத்தத்தைப் பார்த்தேன். அது நின்று, கறுத்து, காய்கிறவரை எனக்கு மூச்சே வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் பார்த்திருப்பீர்கள்.

இவள் பிறந்தபோது "பொண்ணா..." என்று இழுத்தீர்களே, அதை நான் மறக்கவில்லை. அதனால்தான், தெருக்கோடிக் கிடங்கின் இரும்புக் கேட் கழன்று குழந்தைமேல் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது. குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்து, வயிற்றுக்குள்ளும் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய இடத்தில்கூடக் கசிவு நிற்கவில்லை. பஞ்சை எடுத்தால் மறுபடி சிவப்பு.

"நோடம்மா, பாருங்க, அடி பலமா பட்டதுல ரத்தம் உறையறதே இல்ல. உறைய வைக்கிற சத்தெல்லாம் செலவாயிடுச்சு. பிளாஸ்மா ஏத்திக்கிட்டேதான் ஆபரேஷன் பண்ணணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். "இப்ப அழாதீங்க சம்மந்தி. உள்ள போன புள்ள திரும்பி வரட்டும், அப்புறம் அழலாம்" என்றீர்கள். கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தை பிழைத்தாள். கண்டம் தாண்டியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது கால் வீங்கியது. அவசரத்துக்குத் தொடை இடுக்கில் குழாய் போட்டிருந்தார்கள் அல்லவா, அந்தக் கால். தோல் பளபளவென்று நீலம் பாரித்திருந்தது. ஹெப்பகோடியிலிருந்து வேலாயுதம் தைலப் பாட்டிலோடு வந்து நின்றான். "நல்லா நீவி விட்டா வடிஞ்சிடும்" என்றான்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "ரத்தக் குழாய்க்குள்ளயே ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குது. யாரும் தேய்க்கக் கூடாது. அது நகர்ந்து நெஞ்சுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. உறையாம இருக்க ஊசி போடணும். ஆபரேஷன் காயம் கசியற பயமும் இருக்கு. இருந்தாலும் போட்டே ஆகணும். அப்பா கையெழுத்துப் போடுங்க."

வேலாயுதம் மருந்துக் கடையில் கொஞ்ச காலம் நின்றவன். அந்த மிதப்பு. "அன்னிக்கு உறையலன்னு பாட்டில் பாட்டிலா ஏத்துனீங்க. இன்னிக்கு உறையுதுன்னு ஊசி போடறீங்க. புள்ளைய வெச்சு விளையாடறீங்களா மேடம்? மாப்ள, கையெழுத்து மட்டும் போட்டுடாத. போட்டா உன் கையால நீயே கொன்ன மாதிரி."

சேகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். கலா வாயைப் பொத்திக்கொண்டாள். வேலாயுதம் சொல்வதுதான் அங்கே எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அவன் பாட்டிலைத் திறந்துவிட்டான். தைல வாசனை வார்டெல்லாம் பரவியது. எண்ணெய்க் கையோடு அவன் குழந்தையின் காலுக்குக் குனிந்தபோது அவன் மணிக்கட்டை நீங்கள் பிடித்தீர்கள்.

"கை வெச்சுப் பாரு. ஒடிச்சிடுவேன்."

பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினீர்கள். "எனக்குப் படிப்பு இல்லம்மா. அன்னிக்குச் சொன்னதும் நெஜம், இன்னிக்குச் சொல்றதும் நெஜம்னா எப்படி?"

"ரெண்டும் நெஜம்தான் அஜ்ஜி. அடிபட்ட உடம்பு முதல்ல இருக்கறதை எல்லாம் செலவு பண்ணிடும். அப்புறம் பயந்துபோய், அளவு தெரியாம உறைய வெச்சுக்கிட்டே இருக்கும். நிறுத்தத் தெரியாது."

நீங்கள் ஒரு நொடி யோசித்தீர்கள். "புரியுது. எங்க சம்மந்தி மாதிரி. சண்டைன்னா முதல்ல வாயே வராது. வந்துச்சுன்னா நிறுத்தத் தெரியாது."

நஸீமா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். "அல்லா, கரெக்டா சொல்ட்டீங்கம்மா!" உங்களைக் கடித்துத் தின்னலாம்போல் இருந்தது எனக்கு. ஆனால் எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சேகருக்கும் புரிந்தது. "போடுடா சேகரு" என்றீர்கள். போட்டான்.

"நான் சொல்லிட்டேன். நாளைக்கு எம்மேல பழி போடாதீங்க" என்று வேலாயுதம் பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் வயிற்றில் போட்டிருந்த கட்டின்மேல் சிவப்பு பூத்தது. டாக்டரம்மா அந்தச் சிவப்பின் ஓரத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிச் சுற்றிலும் பேனாவால் கோடு இழுத்தார். "இதைத் தாண்டினா உடனே கூப்பிடுங்க." குழந்தையின் காலடியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஈயைக்கூட அந்தக் காலில் உட்காரவிடவில்லை. நான் கோட்டைப் பார்த்தேன். சிவப்பு நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. கோட்டைத் தொட்டது. கலா கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக உங்கள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. உங்களுக்கும் பயம்தான் என்று அந்தக் கை சொன்னது.

சிவப்பு அங்கேயே நின்றது. வெளுத்துக் காவியாகிக் காய்ந்தது. காலும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, பவித்ரா "அப்பாயி, பசிக்குது" என்ற அன்று, நீங்கள் வராந்தாவுக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். நான் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

இன்று காலை கேசரியைத் தின்றுகொண்டே வேலாயுதம் பத்தரிடம் சொல்கிறான்: "அன்னிக்கு நான் இல்லன்னா இந்தப் புள்ளயே இல்ல. டாக்டருக்கே நாந்தான் ஊசியப் போடுன்னு சொன்னேன்." உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்றும் வந்தவர்களிடம் இதையேதான் சொன்னான். சாவு வீடு என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று கேட்டேன்: "அந்தத் தைலப் பாட்டில் எங்கடா?"

"அக்காவுக்கு வயசாயிடுச்சு. எல்லாம் மறந்துபோச்சு" என்று சிரித்தான். எனக்கா மறக்கும்? புது மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தபடி பவித்ரா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "யார் சொல்றது நெஜம், அம்மாயி?" அவளும் படிக்கட்டும் என்றுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சம்பந்தி, "பொண்ணா" என்று நீங்கள் இழுத்ததை விட்டுவிட்டேன். கேட்டைச் சரிசெய்யாத கிடங்குக்காரன் வாசலில் வந்து அழுதான், அவனையும் விட்டுவிட்டேன். பயத்தில் தப்பாகப் பேசுவது யாருக்கும் வரும். கையெழுத்துப் போடாதே என்றதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் உங்கள் கையின் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது. அந்தக் கை செய்ததை, செத்துப்போனவளா எழுந்து வந்து கேட்கப்போகிறாள் என்ற தைரியத்தில் தன் கை செய்ததாகச் சொல்லித் திரிகிறவனை நான் கட்டையில் போகிறவரை மன்னிக்க மாட்டேன். என் கூடப் பிறந்தவன்தான். வேலாயுதம்.