கணக்கில் சேராத மூன்று வாரம்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? ஆபரேஷன் செய்த இடம் இப்போது வலிப்பதில்லை. மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. போன வருடம் நீ மூன்று வாரம் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, சீட்டாட்டத்தில் ஒரு நோயாளியைக் கூசாமல் ஏமாற்றியதை நான் மறக்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று அளக்க, பத்து வருடமாகப் பல்கலைக்கழகத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேனே, அதற்கு நான்கு கம்பெனிகள் இரண்டு வருடப் பதிவுகளைக் கொடுத்திருக்கின்றன. யார் எந்த நாளில் எத்தனை வரி எழுதினார், எத்தனை பிழை திருத்தினார், எல்லாம் இருக்கிறது. கம்பெனி பெயரும் கிடையாது, ஆள் பெயரும் கிடையாது. வெறும் எண்கள். எந்த எண் யார் என்பது அந்தந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும்.

நீயும் அதே தொழில்தானே. உன் ஒரு நாளை எழுதி அனுப்பு. மின்னஞ்சல் வேண்டாம், நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற கண்ணுக்கு உன் கோழிக்கிறுக்கல் எவ்வளவோ தேவலை. சாக்குச் சொல்லாதே.

உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவுப்படி என் ஒரு நாள்.

ஒன்பது மணிக்கு வந்து உட்காருவேன். ஒன்பது ஐந்துக்கு யாராவது, "ஒரு நிமிஷம் வாங்களேன்" என்பார்கள். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். என் நாற்காலியின் ஒரு சக்கரம் கீச்சிடும். எழுந்து போகச் சோம்பல்பட்டு, உட்கார்ந்தபடியே உருட்டிக்கொண்டு போவேன். சத்தம் கேட்டதுமே, "ஒரு நிமிஷம் வர்றாரு" என்பார்கள். எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

கூப்பிட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எதுக்கு? இது இல்லாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவரே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். கீபோர்டை மட்டும் தொட மாட்டேன். அதற்குக் காரணம் நீதான். சின்ன வயதில் நான் கணக்கில் தடுமாறினால், "தள்ளு" என்று பென்சிலைப் பிடுங்கி நீயே போட்டுவிடுவாய். விடை சரியாக வரும். எனக்குத்தான் ஒன்றும் வராது.

நேற்று நாள் முழுக்க உழைத்து நான் எழுதியது ஆறு வரி. அழித்தது இருநூறு. அந்த அழித்ததில் எனக்கு இன்னும் பெருமை தாங்கவில்லை.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம், திட்டாதே. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது எந்தப் பதிவிலும் விழாதே, அதை வைத்து நான் என்ன செய்ய?

கட்டுரை முடிந்தது! மாநாட்டில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எண்வாரியாகப் பட்டியல் போட்டுக் கம்பெனிகளுக்கும் அனுப்பிவிட்டோம். இதில் ஒரு கூத்து: நாற்பத்தொன்றாம் எண் என்று ஒருவர். இரண்டு வருடமாக நாற்காலியைத் தேய்த்ததைத் தவிர வேறொன்றும் செய்ததாகத் தெரியவில்லை. நாங்கள் அவருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்திருக்கிறோம். இப்படி ஒருவரை எப்படித்தான் வைத்திருக்கிறார்களோ!

சந்தோஷத்தில் கை ஓடவில்லை. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

உன் அக்கா

மார்ச் 20

அக்கா,

தூங்குமூஞ்சி நான்தான்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மேலே உன் துறையின் பெயர். கடைசி வரியில் நாற்பத்தொன்று. "எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்பர் இப்படிச் சொல்லுதே, நான் என்ன பண்ண?" என்றார். மாதக் கடைசியோடு வேலை முடிகிறது.

உனக்குத் தெரியாமல் நடந்தது. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கோபமாக இருக்கிறது அக்கா, மறைக்க முடியவில்லை. என் நாளை எழுது என்று நீதான் கேட்டாய். எழுதினேன். சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாய். வேலை போனதைவிட அதுதான் வலிக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேனேஜருக்குப் போன் போட்டு எனக்காகப் பேசிவிடாதே. மறுபடியும் என் பென்சிலைப் பிடுங்காதே.

தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

போன் போடவில்லை. கை பரபரத்தது, போனைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்து வைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்று, உங்கள் பன்னிரண்டு பேரின் பதிவுகளை மறுபடி திறந்தேன். அதில் நான் ஒதுக்கித் தள்ளிய மூன்று வாரம் ஒன்று உண்டு. பதினொரு பேரின் வேலையும் பாதிக்குக் கீழே விழுந்திருந்தது. நாற்பத்தொன்றுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். கம்ப்யூட்டர் கோளாறு என்று நானே முடிவுகட்டி, கணக்கில் சேர்க்காமல் விட்டேன். இப்போதுதான் தேதிகளைப் பார்த்தேன். என் ஆபரேஷன் அன்று தொடங்குகிறது. நீ ஊருக்குத் திரும்பிய மறுநாள் எல்லாம் பழையபடி நிமிர்ந்துவிடுகிறது.

அந்த மூன்று வாரம் நீ எங்கே இருந்தாய் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். என் கட்டிலருகே இருந்தாய். அதைத்தான் கோளாறு என்று தள்ளியிருக்கிறேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பட்டியல் தவறு, தவறு என்னுடையது என்று நான்கு கம்பெனிகளுக்கும் எழுதிவிட்டேன். இது உனக்காகப் பேசியது அல்ல, என் கணக்கை நானே திருத்தியது. பத்து வருட உழைப்பு போனதில் வருத்தமில்லை என்றால் அது பொய்.

மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தில் உட்காருகிற ஒருவரை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை மன்னித்துவிடு. முடிந்தால், ஒரு நிமிஷம் வாயேன்.

உன் அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கம்பெனிக்கும் வந்ததாம். மேனேஜர் போனில் கூப்பிட்டு வருத்தம் சொன்னார். என் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. வேலை போனது போனதுதான்.

கடைசி நாளன்று பதினொரு பேரும் என் நாற்காலியை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "நீங்களே வெச்சுக்கோங்க. இது கத்தாம இங்க கிடந்தா எங்களுக்கு வேலை ஓடாது" என்றார்கள். ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைச் சீட்டாட்டத்தில் தீர்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். ரயிலில் நாற்காலியை ஏற்றலாமா என்று விசாரித்துவிட்டேன், ஏற்றலாமாம். உன் மேஜைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வை.

பென்சில் உன் கையிலேயே இருக்கட்டும்.

உன் தம்பி