பத்து சதவீதக் கோடு

நாள் 112 — 08:10
நிலவைச் சுற்றும் ஆய்வு நிலையம். பதிவு: தாட்சாயணி, வைரஸ் ஆய்வாளர். உடன் இருப்பவர் பொறியாளர் இன்னாசி. வேறு யாரும் இல்லை.
வாராந்தரச் சோதனை. இருவர் தொண்டையிலும் தோலிலும் மாதிரி எடுத்தேன். பாப்பிலோமா வைரஸ்கள், வழக்கம்போல. சில மரு உண்டாக்கும், சில புற்றுநோய் வரை கொண்டுபோகும், பெரும்பாலானவை சும்மா குடியிருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள். பிரிக்கும் விதி எளிது: மேலுறையைச் செய்யும் மரபணுவை ஒப்பிட வேண்டும். தெரிந்த எந்த வகையோடும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அது புதிய வகை. அவ்வளவு தூரம் விலக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அவசரமே இல்லாத வைரஸ்கள்.
காலையில் உப்புமா. வெங்காயம் தீர்ந்துவிட்டது.

நாள் 119 — 09:30
இன்னாசியின் தொண்டை மாதிரியில் உள்ள வைரஸ் மூன்று சதவீதம் விலகியிருக்கிறது. ஒரே வாரத்தில். கருவிக் கோளாறு என்று மறுபடி மறுபடி ஓட்டினேன். அதே எண்.
அவருக்குக் குரல் கம்முகிறது.

நாள் 124 — 11:05
ஏழு சதவீதம். குரல்நாணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக மருக்கள். பூமிக்குத் திரும்பும் கலத்துக்குள் அவராகவே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். பேச்சு இன்டர்காமில்தான்.
"மேடம், இங்கிட்டு வராதீய. சாப்பாட்ட வாசல்ல வச்சிட்டுப் போயிருங்க."
காற்று வடிகட்டியில் தேடினேன். இருக்கிறது. தொட்டால் ஒட்டும் வைரஸ் மூச்சிலும் பரவுகிறது. குப்பி கையிலிருந்து நழுவி மிதந்து போனது. பிடிக்கத் தோன்றவில்லை.

நாள் 127 — 10:20
10.6. பத்து சதவீதக் கோட்டைத் தாண்டிவிட்டது.
தரைக் கட்டுப்பாட்டிலிருந்து டாக்டர் ஃபர்ஹானா: "தாட்சா, கலம் நாலு மணிக்குத் தானா கிளம்பும். இங்கேர்ந்தே இயக்குறோம். நீயும் ஏறிடு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா அவரக் காப்பாத்திடலாம்."
காற்றில் பரவுகிறது என்றேன்.
"தனி வார்டு ரெடியா இருக்குடி. பயப்படாம வா."
ஏறத்தான் நினைத்தேன். பை கட்டிவிட்டேன். இங்கே சாகப் பயம், வேறொன்றுமில்லை.

15:10
இன்னாசி, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி: "மேடம்... எம்மவளுக்கு எட்டு வயசு. இறங்குனதும் ஓடியாந்து கட்டிக்கிடுவா. இத... அவகிட்ட குடுக்கவா? ஒயர அத்துட்டேன். இனிம இந்தக் கலம் கெளம்பாது. ஒங்கள கேக்காம செஞ்சுட்டேன். மன்னிச்சிருங்க."
தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகக் கத்தியோடு விரைந்தேன். உள்ளே பூட்டியிருக்கிறார். தட்டினேன். கெஞ்சினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

15:52
உள்ளே சத்தம் இல்லை.

நாள் 129 — 07:40
என் மாதிரி: 11.2. எதிர்பார்த்ததுதான். ஆனால் வம்சாவளி மரம் வரைந்தால் பொருந்தவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்திருந்தால் என் வைரஸ் அவருடையதன் கிளையாக இருக்க வேண்டும். இல்லை. இரண்டும் வெவ்வேறு பழைய வகைகளிலிருந்து தனித்தனியாகப் பிரிந்திருக்கின்றன. என்னுள் முன்பே குடியிருந்தது, எனக்குள்ளேயே, அதே வேகத்தில் மாறியிருக்கிறது.
நிலையத்தின் கதிர்வீச்சுதான் காரணம் என்று எழுத ஆரம்பித்தேன். நிச்சயமாகத் தெரியாது. கீழே யாரையாவது சோதிக்கும்படி ஃபர்ஹானாவிடம் கேட்டிருக்கிறேன்.

நாள் 130 — 13:15
பதில்: "தாட்சா, என்னோடதையே எடுத்துப் பாத்தேன். அஞ்சு சதவீதம். அப்புறம் இங்க இருக்கற பத்தொன்பது பேருக்கும் பாத்தேன். எல்லாருக்கும் மாறியிருக்கு. ஒருத்தரோடது மாதிரி இன்னொருத்தரோடது இல்ல. என்னடி இது? என்ன செய்யச் சொல்ற?"
இருபது பேர். ஒருவர்கூடப் பூமியை விட்டுக் கிளம்பியதில்லை.
அப்படியானால் கதிர்வீச்சு காரணமில்லை என்றேன். அழுதாள். இன்னாசி வீட்டுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம்.

நாள் 137 — 16:30
பேச முடியவில்லை. கண் அசந்தால் மூச்சு அடைக்கிறது. தூங்காமல் எழுதுகிறேன்.
மூன்று நாளாகக் கீழேயிருந்து செய்தி இல்லை. காலையில் இணைப்பைச் சோதித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே மைக் திறந்திருக்கிறது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு மூச்சு. ஒருவருடையது இல்லை. பலர். இழுத்து இழுத்து, ஒவ்வொன்றும் வேறு மாதிரி.

16:41
மூச்சுகளை எண்ணுகிறேன். காலையில் ஒன்பது. இப்போது நா